அம்மாவின் லைசன்ஸில் இருக்கும் 78



போன எபிசோடில் மின்சாரக் கார்கள் பற்றிக் கதைத்து முடிகிற நேரம், லண்டனில் இருந்து 17 வயசுத் தங்கச்சி ஒருத்தி அனுப்பின குரல் பதிவைப் போட்டோம். கேள்வி ஒரு வரிதான். "அண்ணா, நான் கார் ஓடப் பழகப்போறன். மனுவல் எடுக்கிறதா, ஓட்டோமற்றிக் எடுக்கிறதா?"

நான் அரை நிமிஷத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். "மனுவல் எடுங்கோ. அது பாஸ் பண்ணினால் ரெண்டையும் ஓடலாம். பிறகு கவலையில்லை."

பதில் பிழையில்லை. ஆனால் எடிட் செய்கிற நேரம் திரும்பக் கேட்டபோது, அப்படியே என் அப்பாவின் குரல். 1998 இல் அவர் அம்மாவுக்குச் சொன்ன அதே வசனம், அதே அவசரம். அந்த வசனத்தால் எங்கட வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கிழமை அந்தத் தங்கச்சிக்கு ஒழுங்கான பதில் ஒன்று எழுதுகிறேன்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். புதுக் கார்களில் மனுவல் கியர் இல்லாமல் போவது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை என்னவென்றால், கார் மாறிவிட்டது, பிரித்தானியாவின் லைசன்ஸ் சட்டம் மாறவில்லை. ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணின ஆளை அது இன்னும் அரைச் சாரதியாகத்தான் வைத்திருக்கிறது. இது மாற்ற முடியாத விசயம் இல்லை. சுவிஸும் ஜேர்மனியும் ஏற்கெனவே மாற்றிவிட்டன.

கியர் எதற்கு வந்தது?

பெற்றோல் எஞ்சின் ஒரு குறுகின எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுக்குக் கீழே போனால் நின்றுவிடும். 6000, 7000 சுற்றுக்கு மேலே கொண்டுபோனால் தாங்காது. ஆனால் சில்லு, நின்ற நிலையில் இருந்து மணிக்கு 70 மைல் வரைக்கும் சுற்ற வேண்டும். இந்த ரெண்டையும் பொருத்துவதுதான் கியர் பெட்டியின் வேலை. கியர் மாற்றுகிற அந்தக் கணத்தில் எஞ்சினையும் சில்லையும் பிரித்துப் பிறகு மெல்லச் சேர்ப்பது கிளச்.

எங்கட வேலையில், ஒத்துவராத ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவில் அடாப்டர் ஒன்று எழுதுவோமே, அது மாதிரி. அதை நன்றாக எழுதலாம், எழுதினதில் பெருமைப்படலாம். ஆனால் ஒரு பக்கச் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு வேறொன்று போட்டால் அடாப்டருக்கு வேலை இல்லை. மின்சார மோட்டார் செய்தது அதைத்தான். நின்ற நிலையிலேயே அதற்கு முழு இழுவை இருக்கிறது. நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலேயும் போகும். பெரும்பாலான மின்சாரக் கார்களில் இருப்பது ஒரே ஒரு நிரந்தர விகிதம். சுமார் 9 க்கு 1. மாற்றுவதற்கு எதுவும் இல்லை, அதனால் கிளச்சும் இல்லை.

பெற்றோல் கார்களிலும் கதை இதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் 'ஹைட்ரா-மற்றிக்' கியர் பெட்டியை 1940 ஆம் வருட மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் போட்டு விற்றது. பெருமளவில் தயாரான முதல் முழு ஓட்டோமற்றிக் அதுதான். ஐரோப்பா பின்தங்கி நின்றதற்குக் காரணம் வீரம் இல்லை, பெற்றோல் விலை. பழைய ஓட்டோமற்றிக் கூடுதலாகக் குடிக்கும், மெதுவாக ஓடும், வாங்கவும் விலை. 2003 இல் ஃபோக்ஸ்வாகன், கோல்ஃப் ஆர்32 இல் இரட்டைக் கிளச் கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் பெட்டி. அதற்குப் பிறகு "கை வேகம்" என்கிற வாதம் முடிந்துபோனது. எந்தக் கையும் அந்த வேகத்தில் மாற்றாது.

இப்ப நிலைமை என்ன? எங்களில் கனபேர் ஓடப் பழகின ஃபோர்ட் ஃபியெஸ்டா 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. ஒக்ஸ்ஃபோர்டில் செய்கிற மினியின் புதிய தலைமுறையில் மனுவல் இல்லை. 1976 இல் வந்த நாளிலிருந்து மனுவலுக்குப் பேர் போன கோல்ஃப் ஜி.டி.ஐ கூட 2024 மொடலில் அதைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்காவில் 1980 இல் புதுக் கார்களில் மூன்றில் ஒன்று மனுவல். இப்ப நூற்றுக்கு ஒன்றோ ரெண்டோ. நோர்வேயில் 2024 இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட முழு மின்சாரம். பிரித்தானியாவில் கம்பனிகள் விற்கும் புதுக் கார்களில் மாசு வெளிவிடாதவை 2024 இல் 22 வீதம், 2025 இல் 28 வீதம் என்று ஏறி, 2030 இல் 80 வீதம் ஆக வேண்டும் என்பது சட்டம்.

மனுவல் மிஞ்சி நிற்பது ரெண்டு அந்தத்தில். ஒன்று, மஸ்தா எம்.எக்ஸ்-5 மாதிரி ஆசைக்கு வாங்குகிற கார். மற்றது, டாசியா சண்டேரோ மாதிரிக் குறைந்த விலைக் கார். இவற்றோடு வீதியில் ஏற்கெனவே ஓடுகிற பழைய கார்களையும் சேருங்கோ. பிரித்தானியாவில் ஓடுகிற காரின் சராசரி வயசு 9 வருடத்துக்கு மேல். அப்படியென்றால் புதுக் கார் வாங்குகிற ஆளுக்குத்தான் மனுவல் செத்துவிட்டது. £3000 ஐ வைத்துக்கொண்டு முதல் கார் தேடுகிற ஆளுக்கு அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. லைசன்ஸ் சட்டம் கடிக்கிறது இந்த இடைவெளியில்தான்.

அம்மாவும் மூன்று ஃபெயிலும்

அம்மா 1991 இல் லண்டன் வந்தவ. நாங்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்பர்மார்க்கெட் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் அப்பா ஓடப் பழக்கினார். நானும் தங்கச்சியும் பின் சீற்றில். கிளச்சை மெல்ல விடு, மெல்ல விடு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நாலாவது "மெல்ல" வரும்போது அது சத்தமாகத்தான் வரும். கார் குலுங்கி நிற்கும். நாங்கள் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டா.

டெஸ்ட் மூன்று தரம் ஃபெயில். மூன்று தரமும் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற இடத்தில்தான் பிரச்சினை தொடங்கும். அதற்குப் பிறகு கை நடுங்கும், மற்றதெல்லாம் பிழைக்கும். மூன்றாவது தரத்துக்குப் பிறகு பயிற்றுநர் சொன்னாராம், "நீங்கள் வீதியை நல்லாப் பார்க்கிறீங்கள். ஓட்டோமற்றிக்குக்கு மாறினால் பாஸ் பண்ணுவீங்கள்" என்று. அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னா. அப்பா சொன்னார்: "மனுவலை எடும். அது பாஸ் பண்ணினால் ரெண்டையும் ஓடலாம். ஓட்டோமற்றிக் ஓடுறது ஒரு ஓட்டமே?"

அப்பாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 1998 இன் கணக்கில் அவர் சொன்னது சரி. ஓட்டோமற்றிக் கார் விலை கூட, பெற்றோல் கூட, வீட்டில் ஒரு கார்தான் கட்டும். ஆனால் அம்மா மறுபடி பழகப் போகவில்லை. அதுதான் நடந்தது.

பிறகு 20 வருடத்துக்கு மேல் பஸ்தான். பராமரிப்பு இல்லத்தில் விடிய வேலைக்கு ரெண்டு பஸ். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மிருதங்க வகுப்புக்கு இன்னொன்று. மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மேல் தட்டில் இருக்க முடியாது, அதனால் அம்மா எப்பவும் கீழே, கதவுக்குப் பக்கத்தில். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு அம்மா, ஒரு பெரியம்மா, ஒரு மாமி இருக்கிறா என்று எண்ணிப் பாருங்கோ. ஓடத் தெரியாத ஆக்கள் இல்லை அவர்கள். கிளச் தெரியாத ஆக்கள்.

2019 இல் நான் ஓட்டோமற்றிக் வகுப்புக்குக் காசு கட்டினேன். அம்மாவுக்கு 55 வயசு. ரெண்டாவது தரம் பாஸ். என் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தா. திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "இவ்வளவுதானே தம்பி" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2022 இல் அப்பாவுக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு குறைந்தது 4 கிழமை கார் ஓடக்கூடாது என்பது இங்கே விதி. அப்பாவுக்கு அது 3 மாதமாக நீண்டது. நான் அப்ப லீட்ஸில் கொன்ட்ராக்ட். திங்கள் விடியப் போனால் வியாழன் இரவுதான் வருவேன், காரும் என்னோடு. வீட்டு வாசலில் அப்பாவின் பழைய டொயோட்டா நிற்கிறது. டாங்க் நிறையப் பெற்றோல். அம்மாவின் கைப்பையில் லைசன்ஸ். ஆனால் அந்தக் கார் மனுவல்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் டாக்சி. பிறகு கிழமைக்கு ஒருக்கால் பரிசோதனை, அதற்கும் டாக்சி. ஒரு நாள் தொலைபேசியில் அம்மா கேட்டா: "நான் டெஸ்ட் பாஸ் பண்ணினனான் தானே தம்பி? பிறகேன் இந்தக் காரை எடுக்கேலாது?"

சட்டத்தின் பக்

அவவுக்கு நான் அன்று சொன்ன பதில் இது. பிரித்தானியாவில் ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினால், லைசன்ஸின் பின் பக்கத்தில் 78 என்று ஒரு இலக்கம் விழும். ஓட்டோமற்றிக் மட்டும் என்பது அதன் அர்த்தம். ஐரோப்பா முழுக்க இதே இலக்கம்தான். அதோடு மனுவலை எடுத்தால் அபராதம், லைசன்ஸில் 3 முதல் 6 புள்ளி, இன்சூரன்ஸும் சிக்கலில். எல் போட் ஒட்டி, மனுவல் லைசன்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் பழகலாம். எங்கட வீட்டில் அப்படி இருக்க வேண்டிய ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

78 ஐ எடுக்க ஒரே வழி, முழுச் செய்முறை டெஸ்டையும் மனுவலில் திரும்பச் செய்வது. எழுத்துப் பரீட்சை திரும்ப வேண்டாம். மற்றதெல்லாம் முதலில் இருந்து. அதே சுற்றுவட்டம், அதே பார்க்கிங், அதே கண்ணாடி பார்ப்பு. கிழமை நாளில் கட்டணம் £62. கொரோனாவுக்குப் பிறகு டெஸ்ட் திகதி கிடைப்பதே பெரிய பாடு. பல நிலையங்களில் காத்திருப்பு 24 கிழமை வரை போயிருக்கிறது. அந்த வரிசையில், வீதியில் ஓடத் தெரியும் என்று ஏற்கெனவே அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஆக்களும், கிளச்சுக்காக மட்டும் நிற்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கட மாமாவின் மகன் ரொறொன்ரோவில். ஒன்ராறியோ லைசன்ஸில் மனுவல், ஓட்டோமற்றிக் என்று கார்களுக்குப் பிரிவு இல்லை. அவன் வாழ்க்கையில் கிளச்சை மிதித்ததில்லை. ஆனால் கனடா லைசன்ஸோடு இங்கே வருகிறவர் 12 மாதம் வரை கார் ஓடலாம். இன்சூரன்ஸ் போட்டால் அப்பாவின் மனுவல் காரை எடுத்துக்கொண்டு அவன் போகலாம், சட்டம் தடுக்காது. லண்டனிலேயே 30 வருடம் இருந்து, லண்டன் வீதியிலேயே டெஸ்ட் பாஸ் பண்ணின அம்மாவுக்கு ஏலாது. அவனிடம் திறப்பை நீட்டினபோது, "வேண்டாம் மச்சான், எனக்கு உயிர் முக்கியம்" என்றான். அந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

"கிளச் பழகாத ஆளை வீதியில் விடுவது ஆபத்தில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே சட்டம் வேறு எதையெல்லாம் நம்புகிறது என்று பாருங்கோ. சின்ன ஹாட்ச்பேக்கில் மனுவல் பாஸ் பண்ணின 17 வயசுப் பொடியன், அடுத்த நாளே 3.5 தொன் வான் ஓடலாம். பழகும் காலத்தில் மோட்டார்வேக்குப் போயே இருக்கத் தேவையில்லை. 2018 இல் இருந்து போகலாம் என்று அனுமதிதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. ஆனாலும் பாஸ் பண்ணின அன்று பின்னேரமே தனியாகப் போகலாம். காருக்குப் பின்னால் பெரிய ட்ரெய்லர் இழுக்க முன்பு தனி டெஸ்ட் இருந்தது. 2021 டிசம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். லொறிச் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு, பரீட்சகர்களின் நேரம் தேவை என்பது காரணம். 3.5 தொன் ட்ரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு ரிவேர்ஸ் எடுப்பதைச் சாரதியின் பொறுப்பில் விடலாமாம். முதலாம் கியரில் இருந்து ரெண்டாவதுக்குப் போவதை விட ஏலாதாம். இதில் தர்க்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பழைய கோட் ஒன்று, எழுதின ஆள் போய்விட்டார், தொட ஒருவருக்கும் மனமில்லை. அவ்வளவுதான்.

மற்ற நாடுகள் செய்தது

சுவிஸில் 2019 பெப்ரவரி 1 இல் இருந்து இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினாலும் மனுவல் ஓடலாம். பழகிவிட்டு எடுப்பது உன் பொறுப்பு என்று சாரதியிடம் விட்டுவிட்டார்கள். ரொறொன்ரோ மச்சான் சொன்ன பதில்தான் இதன் அடிப்படை. கிளச் தெரியாத ஆள், தெரியாத காரைத் திருடிக்கொண்டு ஓடப்போவதில்லை.

ஜேர்மனி 2021 ஏப்ரல் 1 இல் நடுவழி ஒன்று எடுத்தது. அதன் பெயர் பி197. டெஸ்டை ஓட்டோமற்றிக்கில் செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஓட்டுநர் பள்ளியில் மனுவல் காரில் 45 நிமிஷ வகுப்பு குறைந்தது 10, கடைசியில் பள்ளியே வைக்கிற 15 நிமிஷச் சோதனை ஓட்டம். இவ்வளவும் முடித்தால் ரெண்டு வகைக் காரும் ஓடலாம். அரசாங்கப் பரீட்சகருக்கு ஒரு நிமிஷமும் செலவில்லை.

பிரான்ஸில் ஓட்டோமற்றிக் லைசன்ஸ் எடுத்து 3 மாதத்துக்குப் பிறகு 7 மணி நேரப் பயிற்சி. இன்னொரு பரீட்சை இல்லாமலே கட்டுப்பாடு போய்விடும்.

எனக்குச் சுவிஸ் முறையை விட ஜேர்மன் முறைதான் பிடிக்கிறது. கிளச் ஒரு திறமை என்பதை நான் மறுக்கவில்லை. சந்தியில் கார் நின்றுபோய்ப் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும்போது என்ன செய்வது என்று ஒருதரமாவது பழகியிருக்க வேணும். ஆனால் அதைப் பழக்க 10 வகுப்புப் போதும். அதைச் சரி பார்க்க அனுமதி பெற்ற பயிற்றுநரின் கையெழுத்துப் போதும். பிரித்தானியா இதைச் செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பயிற்றுநர்களுக்கு அரசாங்கமே ஏற்கெனவே அனுமதி கொடுத்து, பதிவேட்டில் வைத்திருக்கிறது. அவர்களை நம்பினால், 24 கிழமை வரிசையில் இருந்து ஒரு கூட்டம் விலகும். முதல் தரம் டெஸ்டுக்குப் போகிற உங்களுக்கும் அதில் லாபம்.

"பத்து வருடத்தில் மனுவலே இருக்காது, பிறகேன் சட்டம் மாற்ற வேணும்" என்று நண்பன் ஒருவன் கேட்டான். அந்தப் பத்து வருடம்தான் பிரச்சினை. புதுசு வாங்க வசதி உள்ள வீட்டில் 78 என்ற இலக்கம் ஒருவருக்கும் தெரியாமலே மறைந்துவிடும். பழைய கார் ஓடுகிற வீட்டில், கடை வானை நம்பிப் பிழைக்கிற வீட்டில், அது கடைசி வரைக்கும் நிற்கும். எங்கட வீடுகள் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெட்கத்தைப் பற்றி ஒன்று

டெஸ்ட் நடத்துகிற நிறுவனத்தின் கணக்குகளில் ஓட்டோமற்றிக்கின் பாஸ் வீதம் மனுவலை விடக் குறைவு. இதைக் காட்டி, "லேசானதை எடுத்தும் பாஸ் பண்ணேலாத ஆக்கள்" என்று சிரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். புள்ளிவிபரம் படித்த ஆக்கள் இதில் விழக்கூடாது. ஓட்டோமற்றிக்குக்கு யார் போகிறார்கள்? மனுவலில் ரெண்டு மூன்று தரம் ஃபெயிலான ஆக்கள், வயசு போன பிறகு பழகுகிற ஆக்கள், பயம் கூடின ஆக்கள். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிக் கூட்டம் இல்லை. அந்த வீதம் கியர் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2019 இல் முதல் தரம் ஃபெயிலான என் அம்மாவும் அந்தக் கணக்கில் ஒரு இலக்கம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு மனுவல் பிடிக்கும். பீக் டிஸ்ட்ரிக்ட் மலை வீதியில், வளைவுக்கு முன் மூன்றாவதுக்கு இறக்கி, எஞ்சின் சத்தம் ஏறி வருகிற அந்தக் கணம் எனக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதை இன்னொரு ஆளுக்குத் தகுதிப் பரீட்சையாக வைக்க எனக்கு உரிமையில்லை. எங்கட வீடுகளில் "மனுவல்தான் உண்மையான ஓட்டம்" என்ற வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று யோசியுங்கோ. பெரும்பாலும் ஒரு பொம்பிளையைப் பார்த்து.

சரி, தங்கச்சி, உங்களுக்குப் பதில்

சட்டம் நாளைக்கே மாறாது. அதனால் இன்றைய நிலையில் இப்படி யோசியுங்கோ.

வீட்டுக் கார் மனுவலா? முதல் காரை £3000 அளவில் பழசாக வாங்கப்போறீங்களா? வான் ஓடுகிற பகுதிநேர வேலை கிடைக்கலாமா? இதில் ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் மனுவலில் தொடங்குங்கோ. அது வீரத்துக்காக இல்லை. மலிவான கார்களில் கூடுதலானவை இன்னும் மனுவல், அதுதான் காரணம்.

10, 15 வகுப்புக்குப் பிறகும் வீதியைப் பார்க்க நேரமில்லாமல் மூளை முழுக்கக் கிளச்சிலேயே நின்றால், அன்றே ஓட்டோமற்றிக்குக்கு மாறுங்கோ. ரெண்டு வருடம் இழுக்க வேண்டாம். ஒருவருக்கும் விளக்கம் சொல்லவும் வேண்டாம். மனுவலைப் பிறகும் பழகலாம். ஓடாமல் போன 20 வருடத்தைத் திரும்ப எடுக்க ஏலாது.

வீட்டில் ஏற்கெனவே மின்சாரக் கார் நிற்குதென்றால், அல்லது நகர மத்தியில்தான் இருக்கப்போறீங்கள் என்றால், நேரே ஓட்டோமற்றிக்.

கடைசியாக, வீட்டில் அடுத்த கார் வாங்கும்போது ஒரு வேலை செய்யுங்கோ. வீட்டில் உள்ள எல்லாருடைய லைசன்ஸையும் மேசையில் போட்டு, பின் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. ஒரு லைசன்ஸில் 78 இருந்தாலும் அந்த வீட்டுக்கு வாங்க வேண்டிய கார் ஓட்டோமற்றிக். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதற்கான விலையை டாக்சிக்குக் கட்டினோம். லைசன்ஸே இல்லாத ஒரு அம்மா அந்த மேசையில் இருந்தால், அவவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, கிளச் இல்லாத காரில் பழக விருப்பமா என்று.

அப்பா டொயோட்டாவை 2023 இல் விற்றுவிட்டார். இப்ப வாசலில் நிற்பது பழைய ஹைபிரிட் ஒன்று, ஓட்டோமற்றிக். ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, நோர்த் சேர்குலர் நெரிசலில் நின்றபோது சொன்னார்: "இடது கால் சும்மா கிடக்குது. நல்லாத்தான் இருக்கு." பின் சீற்றில் இருந்த நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்தது அம்மா என்றால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அன்று அப்பாதான் ஓடினார். அம்மா முன் சீற்றில் இருந்து, "மெல்லப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தா.

சுவிஸிலும் ஜேர்மனியிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதில் எழுதுங்கோ. கட்டுப்பாடு போன பிறகு உங்கட வீடுகளில் ஏதாவது மாறினதா? அந்த 10 வகுப்பு உண்மையிலேயே போதுமா? வருகிற பதில்களை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம். பிரித்தானியாவில் இருப்பவர்கள் உங்கட எம்.பி.க்கு நாலு வரி எழுதினாலும் நல்லது. நான் எழுதிவிட்டேன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.